பதினான்காம் எண் வீட்டுக்கு ஒரு புள்ளி

கோலியர் தெரு,
கில்மோரன்.
மே 10, செவ்வாய்

அன்பு மகள் ஷோனாவுக்கு,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீயும் மாப்பிள்ளை நீலும் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். பூமியின் தென்கோடியில் உங்கள் பக்கம் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், டனீடின் வீட்டு ஜன்னலில் காற்று புகுகிறது என்று போன மாதம் எழுதியிருந்தாயே, அதை அடைத்தாயிற்றா? நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முழங்கால் படியேறும்போது மட்டும் தன் இருப்பைச் சொல்கிறது, அம்மாவுக்கு ஒன்றுமில்லை, தோட்டத்து ருபார்ப் தண்டு இந்த வருஷம் கை மொத்தம் வந்திருக்கிறது என்று ஒன்பது பாட்டில் ஜாம் போட்டுவிட்டாள். மூன்று நாளாகக் கடல் பனிமூட்டம் விலகவில்லை, எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. இந்தக் கடிதம் எழுத அது ஒருவகையில் வசதி, ஜன்னலில் பார்த்து நேரம் போக்க ஒன்றுமில்லை.

தேர்தல் முடிவை எனக்கு முன்பே நீ கணினியில் பார்த்திருப்பாய். எடின்பரோ பாராளுமன்றம் வந்த நாளிலிருந்து நம் தொகுதி சிவப்பு ரோஜாச் சின்னத்தை மார்பில் குத்திக்கொண்டவர்களுக்குத்தான், அதற்கு முன் லண்டனுக்கு அனுப்பியதும் அவர்களைத்தான். இந்த முறை மஞ்சள் ரிப்பன்காரர்கள் இருநூற்று ஆறு வாக்கில் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நீ தொலைபேசியில் அப்பா ரொம்ப நொந்துபோயிருக்கிறாரா என்று அம்மாவிடம் கேட்டாயாம். நான் தோட்டத்தில் இருப்பதாக அவள் சொன்னாள் அல்லவா, நான் சமையலறையில்தான் இருந்தேன், தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு. தோற்றது வருத்தம் இல்லை என்று உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பேசினால் வார்த்தை முன்னும் பின்னும் ஆகிவிடும், எழுதினால் வரிசையாக வரும், அதனால் எழுதுகிறேன். இருந்தும் இது நான்காவது தாள், முதல் மூன்றும் அடுப்புக்குப் போயின.

டாம் ரென்னியும் நானும் முப்பத்தாறு வருஷமாகத் தேர்தலுக்குத் தேர்தல் வீடு வீடாகப் போவது உனக்குத் தெரியும். அவன் கதவைத் தட்டுவான், நான் தெருவோர வெளிக்கதவுக்குப் பக்கத்திலேயே என் பழைய பரீட்சை அட்டையோடு நிற்பேன். அவன் கேட்பான், நான் எழுதுவேன். வீட்டெண், பெயர், அதற்கு நேரே உறுதி அல்லது சந்தேகம் அல்லது எதிர். கணக்கு வாத்தியாருக்குப் பொருத்தமான வேலை என்று அவன்தான் என்னை இதில் இழுத்துவிட்டான், கதவைத் தட்டும் தைரியம் எனக்கு இல்லை என்பது தெரிந்தே. உனக்கு ஆறு வயதில் குடல்வால் வீங்கியபோது இடுப்பளவு பனியில் ஆம்புலன்ஸ் வராமல், டாம் தன் நிலக்கரி லாரியில் நம்மை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினானே, அன்றிலிருந்து அவன் கூப்பிட்டு நான் போகாத இடமில்லை. இந்தக் கடிதம் அவனைப் பற்றித்தான், கட்சியைப் பற்றி இல்லை.

பிப்ரவரியில் ஆரம்பித்தோம், நூற்றுப் பதினெட்டு வீடு. முப்பத்தோராம் எண் ஜெஸ்ஸி டோரன்ஸ் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, டாமைப் பார்த்ததும் "வாடா டாம், இன்னும் சாகலியா நீ" என்று உள்ளே கூப்பிட்டார். அவன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டான், உங்க ஓட்டை நம்பலாமா என்று. "டீ ஆறிடும், குடி. ஓட்டு எங்க ஓடிப்போகுது, பாக்கலாம்" என்றார். டாம் கோப்பையோடு வாசலுக்கு வந்து என்னைப் பார்த்து "உறுதின்னு போடு ஆர்ச்சி, அவங்க வீட்டுக்காரர் என்கூடச் சுரங்கத்துல இருந்தவர்" என்று கத்தினான், நான் போட்டேன். இருபத்திரண்டாம் எண்ணில் ஒரு மின்வேலைக்காரன், முப்பது வயதிருக்கும், "எங்க தாத்தா உங்களுக்குப் போட்டாரு, எங்க அப்பா உங்களுக்குப் போட்டாரு, உங்க வேட்பாளர் ஒரு தடவை இந்தத் தெருவுல நடந்து நான் பாத்ததில்லையே" என்றான். டாம் அவன் தோளைத் தட்டிச் சிரித்துவிட்டு "ரத்தத்துல இருக்கு, உறுதி" என்றான், அதையும் போட்டேன். நான் முப்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சராசரியும் நிகழ்தகவும் சொல்லிக்கொடுத்தவன், ஷோனா. காதில் விழுந்தது ஒன்று, கை எழுதியது ஒன்று. டாமை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல், நான் நம்பாத ஒவ்வொரு உறுதிக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தேன், அவன் கண்ணாடி இல்லாமல் பார்த்தால் தெரியாது. ஏப்ரல் முடிவில் எண்ணினால் நாற்பத்தொரு புள்ளி.

நாற்பத்தொன்றாவது புள்ளி பதினான்காம் எண்ணுக்கு. நம் வீட்டுக்கு.

நம் கதவை டாம் ஒருநாளும் தட்டியதில்லை, ஆர்ச்சி உறுதி, நெட்டா உறுதி என்று எனக்கும் அம்மாவுக்கும் ஒவ்வொரு தேர்தலுக்கும் நானே பழைய அட்டையைப் பார்த்து எழுதிவிடுவேன். இந்த முறை எழுதும்போது என் பெயருக்குப் பக்கத்தில் பென்சில் தானாக நின்றது. பெரிய காரணம் கேட்காதே, கோபமும் இல்லை. இரண்டு கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்தேன், என் வழக்கப்படி இரண்டு தடவை. இந்த முறை மற்றவர்கள் சொல்வது சரியென்று பட்டது, அவ்வளவுதான். அந்த மின்வேலைக்காரன் கேட்டதும் மனசில் கிடந்தது. உறுதி என்று எழுதிய தெருவுக்கு வேட்பாளரை யாரும் அழைத்து வரமாட்டார்கள், நேரம் வீண் என்பார்கள், சந்தேகத் தெருவுக்குத்தான் கூட்டிப்போவார்கள். முப்பத்தாறு வருஷமாக அப்படி எழுதி இந்தத் தெருவுக்கு யாரும் வராமல் பார்த்துக்கொண்டது என் கைதான். டாமிடம் சொல்ல வேண்டும் என்று தினமும் காலையில் முடிவு செய்வேன், சாயங்காலம் அட்டையோடு அவன் பின்னால் போய் நிற்பேன்.

வாக்குப்பதிவு அன்று தொடக்கப் பள்ளி வாசலில், ஓட்டுப் போட்டவர்களின் எண்ணைக் குறித்துக்கொள்ள நம் கட்சிக்கு நான் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் மஞ்சள் ரிப்பனோடு மருந்துக்கடை மொய்ரா, என்னிடம் படித்தவள், இப்போது ஐம்பது வயது. காலை முழுக்க நாங்கள் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ குடித்தோம், எனக்குத் தப்பிய எண்ணை அவள் சொன்னாள், அவளுக்குத் தப்பியதை நான் சொன்னேன், அந்த மரியாதை இங்கே இன்னும் இருக்கிறது. டாம் என் பட்டியலை வைத்துக்கொண்டு, உறுதி என்று போட்டும் இன்னும் வராதவர்களைத் தன் காரில் போய் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். ஜெஸ்ஸி அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கியபோது அவர் "நீ வரலேன்னா நான் வந்தே இருக்க மாட்டேன்டா, இந்த இடுப்பை வச்சுக்கிட்டு" என்றார். அவருடைய மழைக்கோட்டின் காலர் காற்றில் மடங்கியது, உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள் ரிப்பன். டாம் பார்க்கவில்லை, நானும் மொய்ராவும் பார்த்தோம். அவள் என் காதருகே குனிந்து, "சார், டாமுக்கு எங்க ஆபீஸ்லேருந்து பெட்ரோல் செலவு குடுக்கணும் போலிருக்கே, பதினோரு பேரைக் கொண்டுவந்து விட்டுட்டாரு" என்றாள். எனக்கு முகமெல்லாம் சுட்டது. அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு என் அட்டையில் புள்ளி இருந்தது. என் மார்பில் சிவப்பு ரோஜா இருந்தது, ஷோனா, அதோடுதான் உள்ளே போனேன். ஆளுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு தருவார்களே, அதில் தொகுதிச் சீட்டில் மஞ்சளுக்குப் போட்டேன். வட்டாரப் பட்டியலுக்கான இரண்டாவது சீட்டில் பழைய கட்சிக்கே போட்டேன், டாமுக்காக. உன் அப்பாவின் தைரியம் எப்போதும் பாதிதான், உனக்குத் தெரியாததா.

வெள்ளிக்கிழமை காலை வானொலியில் முடிவு சொன்னார்கள். தேர்தலுக்கு மறுநாள் டாம் வந்து வறுத்த பன்றிக்கறி வைத்த ரொட்டி தின்றுவிட்டுப் போவது வழக்கம், ஜெயித்தாலும் தோற்றாலும். அம்மா அவனுக்கும் சேர்த்து வறுத்தாள், அவன் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை அந்த ரொட்டி பறவைகளுக்குப் போனது. அன்றைக்கு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் ஓட்டை எங்கே போட்டேன் என்பது உட்பட. அவள் ஜாம் பாட்டிலுக்கு மூடி போட்டுக்கொண்டே, "நான் எட்டு வருஷமா மஞ்சளுக்குத்தானே போடறேன்" என்றாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ எங்கே கேட்டே? ஊரெல்லாம் போய்க் கேக்கறீங்க ரெண்டு பேரும், இந்த வீட்டுல உள்ளவகிட்ட யாராவது கேட்டீங்களா? நீ பாட்டுக்கு உறுதின்னு எழுதிக்கிட்டே, எனக்கும் சிரிப்பா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றாள். நாற்பத்தேழு வருஷம் சேர்ந்து வாழ்ந்த பிறகு என் அட்டையில் புள்ளி வைக்காமல் விட்ட பெரிய தவறு உன் அம்மாதான்.

நேற்று காலை அட்டையை எடுத்துக்கொண்டு டாம் வீட்டுக்குப் போனேன். வெளிக்கதவு வரை கால் பழக்கத்தில் போய்விட்டது, அங்கே நின்றுவிட்டது. அவன் எத்தனை கதவைத் தட்டியபோதும் நான் நின்ற இடம் அதுதானே. மூட்டத்தில் அவன் கதவு தெரியவும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, சட்டை நனைந்துவிட்டது. பிறகு உள்ளே நடந்து வாசல் கதவைத் தட்டினேன். மெதுவாகத் தட்டியிருக்கிறேன், இரண்டாவது தடவை தட்ட வேண்டியிருந்தது. டாம் உள்சட்டையோடு திறந்து, "யாரு, கட்சிக்காரங்களா? எங்க வீட்டுல எல்லாரும் போட்டாச்சு" என்றான், முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அட்டையை நீட்டினேன். புள்ளி ஒவ்வொன்றும் என்ன என்று சொன்னேன், பதினான்காம் எண்ணைச் சொன்னேன், அம்மாவையும் சொன்னேன். அவன் கண்ணாடியை எடுத்து வந்து, கதவில் சாய்ந்தபடி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை வரிவரியாக ஓட்டிக்கொண்டே படித்தான். "முப்பத்தாறு வருஷம் என் முதுகுக்குப் பின்னாடி நின்னியே, ஒரு தடவை வாயைத் தொறந்திருக்கலாமில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் திரும்பவில்லை. திரும்பத் தெரியவில்லை என்பதுதான் சரி, அட்டை அவன் கையில் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவனே திறந்தான். "எனக்கும் காது இருக்குடா" என்றான். "ஜெஸ்ஸி சொன்னது எனக்கும் கேட்டுச்சு, அந்தப் பய சொன்னதும் கேட்டுச்சு. உறுதி உறுதின்னு கத்தினேன், கத்தலேன்னா அடுத்த கதவுக்கு என்னால நடந்திருக்க முடியாது. படிச்சவனாச்சே, நீயாவது உள்ளதை எழுதுவேன்னு நெனச்சேன்." எழுதினேன், புள்ளியாக எழுதினேன் என்றேன். "நெட்டாவுமா?" என்றான். எட்டு வருஷமாக என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சுரங்கத்து இருமல் பிடித்துக்கொண்டு, நான் முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. உள்ளே போய் ரொட்டிக்குக் கறி வறுத்தான், அடி கருகிவிட்டது, இருவரும் தின்றோம். அவன் மாறவில்லை, சாகும் வரை சிவப்புதான் என்கிறான், என்னையும் மாறச் சொல்லவில்லை. அடுத்த மே மாதம் நகரமன்றத் தேர்தல் வருகிறது, மறுபடி போகலாம், ஆனால் இனி நீ தட்டு, நான் எழுதறேன் என்றான். கட்சி மாறினவன் எப்படி வருவது என்று கேட்டேன். "சந்தேகம்னு போட்டுக்கறேன், சந்தேகக் கேஸைத்தானே போய்ப் போய்ப் பாக்கணும்" என்று சொல்லிப் பதினான்காம் எண்ணை அடித்துத் திருத்தினான். நெட்டாவுக்கு எதிர் என்று போட்டுப் பக்கத்தில் ஜாம் நல்லா இருக்கு என்றும் எழுதினான். அவன் கையெழுத்து இத்தனை மோசமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் இத்தனை நீளமாக உனக்கு ஏன் எழுதினேன் என்று மறுபடி யோசிக்கிறேன், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் இந்தத் தாளை அனுப்பிவிடுவேன். ஜாம் இரண்டு பாட்டில் தனியாகப் பொட்டலமாக வருகிறது, உடையாமல் வந்தால் நீலுக்கும் கொடு. ஜன்னலை அடைத்துவிடு, மறக்காதே. கழுத்துக்குக் கம்பளி போட்டுக்கொண்டு வேலைக்குப் போ. நல்ல உடம்போடும் நிறைந்த மனசோடும் நீங்கள் இருவரும் பல்லாண்டு இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். உங்கள் ஊரிலும் நவம்பரில் தேர்தல் என்கிறார்கள். நீ யாருக்குப் போடுவாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நான் கேட்டதே இல்லை. ஓட்டு மட்டுமில்லை, அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாயா என்றும் கேட்டதில்லை, உறுதி என்று நானே எழுதி வைத்துக்கொண்டேன். இப்போது கேட்கிறேன். உள்ளதை எழுது.

உன் கதவை மெதுவாகத் தட்டும்,
அப்பா
ஆர்ச்சி பெட்டிக்ரூ