மூன்று பேருக்கான பை

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் இருமல் நின்றதா? நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் கொஞ்ச நாளாகக் கிடங்கு வேலைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அவர் தூங்கிய பிறகு குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அரிசி தீர்ந்துவிட்டது. அதனால் பள்ளிக்குப் பின்னால் இலவசமாக மளிகை கொடுக்கும் தமிழ்ச் சங்கத்துக்கு நேற்று அப்பாவுக்குத் தெரியாமல் போனேன். வீட்டில் சாப்பாடு இல்லை என்று வெளியே தெரிந்தால் இந்த நாட்டு அதிகாரிகள் என்னை அப்பாவிடமிருந்து பிரித்துவிடுவார்களோ என்று வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். ஆனால் அங்கிருந்த அக்கா அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை.

"உக்காரு பாப்பா. வீட்ல எத்தன பேரு?"

"மூணு பேரு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப பை கனக்குமே. அம்மாவக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

உன்னையும் சேர்த்து எண்ணிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அம்மா ஊர்ல இருக்காங்க" என்றேன். பையிலிருந்து உன் பங்கை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"ஊர்ல இருந்தா அம்மா இல்லன்னு ஆயிடுமா? பிடி. கடைப் பை மாதிரிதான் இருக்கும், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பள்ளியில் கொடுத்ததாக அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். போனில் உளறிவிடாதே. பச்சைப் பயறை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும்? ரசத்துக்குப் புளி எவ்வளவு? நீ வைப்பது போல் வரவே மாட்டேன் என்கிறது.

உன் பங்குப் பயறைத் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். அப்பா புரண்டு படுக்கிறார், விளக்கை அணைக்கிறேன். வண்டு பிடிப்பதற்குள் வந்துவிடு அம்மா.

உன் வாயாடி