பெண்ட்ரீத் என்னும் பெயர்

ரங்கூன், 1926 ஜூலை, வியாழன் இரவு.

புதுக் குமாஸ்தா ஜோசப்புக்கும் எங்கள் ஆபீஸ் துரைக்கும் ஒரே குடும்பப்பெயர், பெண்ட்ரீத். சீமையில் கார்ன்வால் கடற்கரையில் இரண்டு ஊர்களைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் கிடையாது என்று துரையே பெருமை பேசுவார். இங்கே ரங்கூன் பசுந்தாங் பேட்டைத் தமிழச்சி மகனுக்கு அது எப்படி வந்தது? திருட்டுப் பெயர் என்று நினைத்து, இன்று துரையின் காதில் விழும்படியே கேட்டேன். துரை மதராசில் இருந்தவர், தமிழ் தெரியும்.

"ஏம்ப்பா, இந்தப் பேரை எந்தக் கடையில வாங்கினே?"

"கடையில இல்லைங்க சார், அப்பா குடுத்தது. தெற்கே தவாய்ச் சுரங்கத்துக்கு வெள்ளீயம் தோண்ட வந்தவர். அம்மாவை விட்டுட்டுச் சீமைக்கே போயிட்டார்."

துரையின் முகம் வெளுத்தது. அவர் தகப்பனாரும் தவாய்ச் சுரங்கத்திலிருந்து திரும்பியவர்தான்.

மாலையில், நான் இத்தனை வருடம் காத்திருந்த தலைமைக் குமாஸ்தா வேலை ஜோசப்புக்கு என்று உத்தரவாயிற்று. அவன் ஆச்சரியப்படக்கூட இல்லை. துரை காதுபட யாராவது அப்படிக் கேட்கட்டும் என்றுதான் அப்பா கதையை இதுவரை சொல்லாமல் இருந்தானோ?