ஹவேலோ மேட்டுக்காட்டில் நான் சொல்லாத சம்மதம்

அனுப்புநர்:
நெஸ்டா ருபோகா, பி.எட்.,
ஹவேலோ கிராமம், சாலமன் தீவுகள்.

பெறுநர்:
மாகாண வன அதிகாரி அவர்கள்,
மாகாணத் தலைமையகம்.

பொருள்: மர உரிமை விசாரணைப் பதிவில் என் பெயருக்கு எதிரே உள்ள “ஆட்சேபணை இல்லை” என்ற குறிப்பை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஹவேலோ மேட்டுக்காடு என் தாயின் குலத்தைச் சேர்ந்தது. அவர் காலமான பின் மூத்த மகளாகிய என்னிடமும், எனக்குப் பின் என் மகளிடமும் சேரவேண்டியது. நிலம் எங்களுக்குத் தாய்வழி. சபையில் பேசுவது மட்டும் ஆண்கள்.

2. அங்கே மரம் வெட்ட நிறுவனத்துக்கு அனுமதி தருவது குறித்து ஜூலை 9 அன்று நடந்த விசாரணைக்கு நிறைமாத வயிற்றுடன் வந்திருந்தேன். அண்ணன் அமர்ந்திருக்கும் சபையில் தங்கை வாய் திறப்பது எங்கள் வழக்கமில்லை; அவர் பெயரைக்கூட உச்சரிக்கமாட்டோம். ஆகவே இம்மனுவிலும் அதை எழுதவில்லை. பதிவில் முதல் கையொப்பம் அவருடையது. எனக்காக மறுத்துப் பேசுவார் என்றுதான் சுவரோரம் பேசாமல் இருந்தேன். அவர் சம்மதித்தார். என் மௌனத்தையும் சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

3. ஐந்தாம் நாள் பிரசவம். உதிரப்போக்கு நிற்காததால் தலைமையக மருத்துவமனையில் இருந்துவிட்டு ஆகஸ்ட் 10 அன்றுதான் திரும்பினேன். ஆட்சேபணை தெரிவிப்பதற்கான முப்பது நாள் கெடு அதற்கு இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. தாமதம் என்னுடையதே, மறுக்கவில்லை.

4. அண்ணனிடம் நேரில் கேட்க முடியாது. அண்ணி மூலம் கேட்டேன். “அன்னிக்கு வாயத் திறக்காம உக்காந்திருந்துட்டு, இப்ப மரத்தக் கட்டிக்கிட்டு அழுதா யாரு கேப்பா? போ, போய் புள்ளைக்குப் பாலக் குடு” என்றார் அண்ணி. அதன்பின் ஒன்பது வீடுகளில் கையொப்பம் கேட்டேன். சர்க்கரைவள்ளி அவித்துத் தந்தார்கள், பேனாவைத் தொடவில்லை.

5. நான்கு நாட்களாகக் குழந்தையுடன் மேட்டில், வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்புப் பெயின்ட் அடித்த மரங்களுக்கு நடுவே இருக்கிறேன். நான்கு பேர் கைகோத்தாலும் எட்டாத மரங்கள். வெட்டத் தடை செய்யப்பட்ட ஙாலி கொட்டை மரத்திலும் பெயின்ட் இருக்கிறது. அதை மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டேன், குற்றமெனில் பொறுப்பேற்கிறேன். வேறு தீவிலிருந்து வந்த ரம்பக்காரர் ஒருவர் காலையில், “இன்னிக்கும் டியூட்டியாக்கா? உங்களுக்கு லீவே கிடையாதா?” என்று கேட்டுப் போகிறார். நாள் முழுவதும் என்னோடு பேசுகிறவர் அவர் ஒருவரே. குழந்தைக்குச் சளி கட்டியிருக்கிறது. இங்கே வைத்திருப்பது சரியா என்று தெரியவில்லை. வீட்டில் விட்டுவர ஆளும் இல்லை.

6. திங்கட்கிழமை புல்டோசர் ஓடையைத் தாண்டும் என்கிறார்கள். ஊர் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீர்தான்.

ஆகவே, அதற்குள் வேலையை நிறுத்திவைத்து, தாங்களே நேரில் வந்து மறு விசாரணை நடத்துமாறு வேண்டுகிறேன். என் அண்ணன் இல்லாத இடத்தில், காட்டிலேயானாலும் சரி, என்னை ஒருமுறை கேளுங்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்வேன்.

இடம்: ஹவேலோ
நாள்: 15.08.2019

இப்படிக்கு,
நெஸ்டா ருபோகா

உடன் கையொப்பமிடுவோர்:
1.
2.
3.
(கோடு போட்டு வைத்திருக்கிறேன். தாங்கள் வரும்வரை அழிக்கமாட்டேன்.)