பனியில் வண்டி தள்ளிய மகளுக்கு

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் நிஷாந்தினிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், உன் கழுத்து நோவு குறைந்து நீ நல்லாத் தூங்க வேணும் என்பதுதான் இப்ப எங்கட ஒரே வேண்டுதல்.

டொக்டர் இனி அந்த ஐஸில் சறுக்கி ஓடுற பொப்ஸ்லெட் வண்டியில் ஏறவே கூடாது என்று சொல்லிட்டார், எட்டு வருசத்தை வீணாக்கிட்டேன் அப்பா என்று நீ போனில் அழுதாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் போனில் சொல்ல முடியாததை இதில் எழுதுறேன். ஒலிம்பிக் அன்றைக்கு ஓட்டோவை நிறுத்திட்டு நானும் அம்மாவும் பௌஸி நானாட போன் கடையில்தான் பார்த்தோம். முதல் ஓட்டத்தில் நீயும் வண்டி ஓட்டுற பிள்ளையும் தள்ளிக்கொண்டு ஓடிப் பாய்ந்து ஏறினதுக்கு கடையே கைதட்டிச்சு, பௌஸி நானா வாறவங்க எல்லாருக்கும் இது நம்ம சாந்தகுமார்ட மகள், கனடாவுக்காக ஓடுறாள், பின்னுக்கு இருந்து பிரேக் பிடிக்கிறது அவதான் என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லிக்கொண்டே நின்றார். ரெண்டாவது ஓட்டத்தில் வளைவில் வண்டி பிரண்டு உங்கட தலை ரெண்டும் ஐஸில் உரசிக்கொண்டு போச்சு. அம்மா கண்ணை மூடல்ல, நான்தான் மூடினேன். நீ எழும்பி அந்தப் பிள்ளையைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாய் என்று அம்மா சொன்ன பிறகுதான் திறந்தேன். இப்ப அம்மா தினமும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கிறா, நீ ஓடித் தள்ளுற ஐந்து செக்கன் மட்டும், ஏறினதும் நிறுத்திடுறா.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேணும் மகள். நாலு வருசத்துக்கு முந்தி உன்னை அணியில் எடுக்காமல் மேலதிக ஆளாக வைத்தபோது நீ ரெண்டு நாள் சாப்பிடல்ல. அன்றைக்கு நான் சந்தோசத்தில் கோயிலில் தேங்காய் உடைச்சேன். இந்த முறையும் எடுக்கக்கூடாது என்றுதான் கும்பிட்டேன். பயத்தில் செய்தது, ஆனாலும் நீ ஆறுதலுக்கு என்னோடு கதைக்கிற நேரமெல்லாம் என் மனசு உனக்கு எதிராகத்தான் நின்றது. அதையும் தள்ளிக்கொண்டுதான் நீ ஒலிம்பிக் வரைக்கும் போயிருக்கிறாய். வீண் என்று இனிச் சொல்லாதே.

புதுப் பிள்ளைகளுக்குத் தள்ளப் பழக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாங்க என்றாயே, விருப்பம் என்றால் ஓம் என்று சொல்லு, எங்களுக்காக யோசிக்காதே. கழுத்துப் பட்டியை டொக்டர் சொல்லும் வரைக்கும் கழற்றக்கூடாது. முருகன் உனக்குத் துணை இருப்பார். இதை வாசித்துக் கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காமல் மட்டும் இருந்துடாதே.

என்றும் உன்
அப்பா
சாந்தகுமார்