காப்புக் கட்டின கையும் மோதகமும்

12.06.2024, புதன்
இன்று கொடியேற்றம். எங்கடை பிள்ளையார் கோயில் சின்னன், ஒலிபெருக்கிதான் பெரிசு. கையில் காப்புக் கட்டி முடிந்து நான் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டு நாய் வந்து கொடிமரத்தடியில் படுத்துவிட்டது. வாயடியில் மைக் இருப்பதை மறந்து, "டேய் மோதகம், எழும்பி வெளியாலை போடா" என்றேன். பிள்ளையாருக்கு முன்னால். நயினாதீவு முழுக்கக் கேட்டது.

அந்தப் பெயரை வைத்தவள் மகள் கோபிகா. குட்டியில் அப்படித்தான் உருண்டையாய் இருந்தான். இப்ப ஒரு வயசும் ஆகேல்லை.

தர்மகர்த்தா கிருபானந்தன் கேட்டார்: "ஐயா, எலி வாகனம் இருக்கு. நாய் வாகனம் எப்ப செய்விச்சனீங்கள்?" முன்பல் இல்லாத வாயால் சிரித்துச் சமாளித்தேன்.

இனிக் கொடி இறங்கும்வரை நான் தீவை விட்டுப் போக ஏலாது. காப்புக் கட்டின குருக்கள் ஊரெல்லை தாண்டக்கூடாது. வருசா வருசம் உள்ளதுதானே.

14.06
மோதகம் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. தண்ணி குடித்தாலும் சத்தி, அப்படியே வெளியிலை வந்திடுது. வயிறு கல்லுப் போல. "எதையோ விழுங்கிப்போட்டான். கண்டதையெல்லாம் வாயிலை போடுற பழக்கம் ஆரிட்டைப் பழகினதோ" என்று மனைவி மீனாம்பிகை என்னைப் பார்த்தாள். பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை.

15.06
விடியக் கோபிகா அவனைப் பனையோலைக் கடகத்தில் வைத்து, கடல் தாண்டுற முதல் லோஞ்சில் யாழ்ப்பாணத்து மிருக டொக்டரிட்டைக் கொண்டுபோனாள். "கோயிலுக்குச் சனம் ஏறுற லோஞ்சிலை நாயோ தங்கச்சி?" என்று லோஞ்சுக்காரன் முதலில் மறுத்தான். நான் இறங்குதுறையில் நிற்பதைக் கண்டதும் பின்பக்கம் ஒதுக்கிக் கொடுத்தான். மோதகம் கடகத்துக்குள்ளிருந்து என்னையே பார்த்தான். நான் ஏறுவேன் என்று நினைத்திருப்பான்.

பின்னேரம் யாழ்ப்பாணத்திலிருந்து போன். குடலில் மாங்கொட்டை இறுகிவிட்டதாம். வெட்டி எடுக்கவேணும். ஒப்பரேசன் மேசையிலேயே உயிர் போகவும் கூடுமாம். வெட்டாவிட்டால் நிச்சயம் போய்விடுவானாம்.

"செலவும் பெரிசப்பா. வீட்டிலை கேட்டுச் சொல்லச் சொல்லுறார் டொக்டர். எனக்குப் பயமாக் கிடக்கு. நீங்கள் வாங்கோவன்."
"எப்படிப் பிள்ளை வாறது?"
அழுகிறாள் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பூசை மணி அடித்தது.
"வெட்டச் சொல்லு. பல்லுக் கட்ட வைச்ச காசு கிடக்கு. நான் சிரிக்காமல் இருந்தால் சரி."

16.06
காலமை ஒப்பரேசன். பூசையும் அதே நேரம். மீனாம்பிகை வெளிவீதியில் போனோடு நிற்கிறாள். தீபம் காட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன், தலையை ஆட்டினாள் — இன்னும் இல்லை. திருநீறு கொடுக்கும்போது பார்த்தேன், இன்னும் இல்லை. ஒரு கிழவிக்கு இரண்டு தரம் திருநீறு கொடுத்தேனாம். "ஐயாவுக்கு இண்டைக்கு நல்ல பக்தி" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மத்தியானம்தான் மீனாம்பிகை சொன்னாள், மூச்சு இருக்கு.

17.06
இன்னும் எழும்பேல்லை. கண் திறக்கிறான், மூடுறான். கோபிகா யாழ்ப்பாணத்திலை என்ரை தங்கச்சி வீட்டிலை தங்கிப் போய்ப் போய்ப் பார்க்கிறாள். நான் இஞ்சை சுவாமியோடை வீதி சுத்துறன். கிழக்கு வாசலிலை நிண்டால் கடல். மேற்கிலையும் கடல். பிறந்த ஊர்தானே, கடல் இவ்வளவு கிட்ட நிக்கிறதை ஏன் இதுவரைக்கும் காணேல்லை?

நாய்க்காக ஒரு மனுசன் இப்பிடி நிக்கிறதோ? நிக்கிறன்தான்.

19.06
கஞ்சித்தண்ணி நக்கினானாம்.

21.06
கொடியிறக்கம். காப்பு அவிழ்த்தாச்சு. "இப்பவே போகட்டோ?" என்றேன். "கடைசி லோஞ்சும் போயிட்டுது, ஐயா" என்றார் கிருபானந்தன்.

22.06, சனி
முதல் லோஞ்சில் போய் அவனைக் கூட்டிவந்தேன். வயிற்றில் நீட்டுக்குத் தையல். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் வாளியை வெட்டினது போல ஒரு வளையம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்து விழுந்தான். வாலை மட்டும் ஆட்டினான்.

லோஞ்சு ஏறுற குறிகட்டுவான் துறை வரும்வரை பஸ்ஸில் அவன் தலை என் மடியில். பக்கத்தில் கோபிகா.
"உங்களிலை எனக்குக் கோவமில்லையப்பா. காப்புக் கட்டியிருக்காட்டி அண்டைக்கே ஓடி வந்திருப்பியள். டொக்டருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."
"ஓம் பிள்ளை" என்றேன்.

அன்று அவள் வாங்கோ என்று கூப்பிட, பூசை மணி அடித்தபோது — நல்லகாலம், கையில் காப்பு இருக்கு, அவன் கண் மூடுறதைப் பக்கத்தில் நின்று பார்க்கத் தேவையில்லை என்று ஒரு கணம் எனக்கு ஆறுதலாய் இருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.