தலைக்கவசத்தில் ஒரு துளை

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை.

விண்வெளிப் படமொன்றில் வீரன் போடும் தலைக்கவசத்தை அட்டையில் செய்து, இன்றுதான் வெள்ளி நிறம் பூசினேன். படத்தில் உள்ளதுபோல நெற்றியில் துப்பாக்கிச் சூடு பட்ட துளை ஒன்றையும் போட்டு, ஓரத்தைக் கறுப்பாக்கினேன். பல்கனிக்கு உடுப்பு எடுக்க வந்த மனைவி வசந்தி நின்று பார்த்தாள்.

“சூடு பட்ட தகரம் இப்பிடி இராது. ஓரம் உள்ளுக்கு மடியும். சுத்திவரப் பெயின்ற் உரிஞ்சு, ஒரு மழையோட கறள் பிடிச்சிடும்.”

எனக்கு உற்சாகமாகிவிட்டது. “எவ்வளவுக்குக் கறள் பிடிக்கும்?”

“யாழ்ப்பாணத்தில எங்கட வீட்டுக் கேற்றில இவ்வளவுக்கு இருந்தது.” விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள்.

அவள் சொன்னபடியே ஓரத்தை அமத்தி, துருப்போல மண்ணிறத்தைத் தொட்டுத் தொட்டுப் பூசினேன். படத்தில் இருப்பதைவிட நன்றாக வந்தது. ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அது சுவரைப் பார்த்தபடி இருந்தது. வசந்தி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

கறளின் அளவு வரை கேட்டேன். கேற்றுக்குப் பின்னால் அப்போது யார் நின்றார்கள் என்று கேட்கவில்லை.

இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று தெரிகிறது.