வகுப்பில் கேட்ட கேள்வி

அன்புள்ள அம்மாவுக்கு,

இன்று சமூகவியல் கோட்பாட்டு வகுப்பில் தற்கொலை பற்றிய பாடம். எழுந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என் தம்பி குற்றாலத்துல வழுக்கி விழுந்து செத்துட்டான்னு ஊர்ல சொல்லுதோம். அது பொய், மேடம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கு அம்மா ஏசுனாங்க. அதனாலயா?" என்று கேட்டேன்.

மேடம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு ஏச்சால நடக்குறதில்லம்மா. மார்க்கை வச்சே பிள்ளைங்களை எடை போடுற ஊரு, பள்ளிக்கூடம், சொந்தக்காரங்க, எல்லாம் சேர்ந்துதான் அவனை நெருக்கியிருக்கு" என்றார்.

மூன்று வருஷமாக லீவுக்கு நான் வராததற்குப் பரீட்சை காரணமில்லை, அம்மா. உன் ஏச்சுதான் அவனைக் கொன்றது என்று நினைத்திருந்தேன்.

வெகுநாளைக்குப் பிறகு இன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை தென்காசிக்கு வருகிறேன். அவன் பேரைச் சொல்லிப் பேசுவோம். அழுகை வந்தால் சேர்ந்தே அழுவோம்.

உன் மகள்